தாடிக்காரரின் பிறந்தநாள்

நான் ஆறு கிழமை விசர் ஆசுபத்திரியில் இருந்தேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அந்த ஆறு கிழமையும், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலும் அதைச் சுற்றியும் இருக்கிற எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை, நான் நாரிப்பிடிப்புக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, வைத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

நாரிப்பிடிப்பு என் மனைவியின் தேர்வு. நல்ல தேர்வு என்று இன்றைக்கும் சொல்வேன். மாரடைப்பு என்றால் பழப் பையோடு வந்து நிற்பார்கள். புற்றுநோய் என்றால் நாங்கள் அழுவதற்கு முதல் அவர்கள் அழுவார்கள். சலரோகம் என்கிற நீரிழிவு எல்லோருக்கும் இருக்கிறது, அதற்காக யாரும் ஆறு கிழமை படுப்பதில்லை. நாரி ஒன்றுதான் ஒரு மனிதனை நீண்ட நாள் காணாமல் போகச் செய்யக்கூடிய, ஆனால் ஒருவரும் துருவிக் கேட்காத வருத்தம். கேட்டவர்களும் உடனே தங்கள் நாரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். என் நாரியை அதற்குப் பிறகு யார் நினைக்கிறார்கள்?

நடந்தது இதுதான். காருக்கான உதிரிப்பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு இருபத்தாறு வருட வேலை. ஒரு மார்ச் மாதக் காலை, ஆறு மணி வேலைக்குப் போய், தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்தேன். இறங்கவில்லை. ஏதோ பெரிய யோசனையில் மூழ்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு யோசனையும் இல்லை. கதவின் பிடியை இழுக்க வேண்டும். இழுப்பதற்கு உள்ளே ஆள் இல்லை. அவ்வளவுதான். மற்றவர்கள் வந்தார்கள், நிறுத்தினார்கள், இறங்கினார்கள், போனார்கள். எவ்வளவு இலகுவாக இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிபோல எங்கள் மைஸ்டர் வந்து கண்ணாடியில் தட்டினார். மைஸ்டர் என்றால் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். இருபத்தாறு வருடத்தில் காலை வணக்கத்துக்கு மேலே என்னோடு அதிகம் பேசியறியாத, இந்த மாநிலத்துச் சுவாபிய மனிதர். கண்ணாடியை இறக்கினேன்.

“என்ன, கார் பழுதா?”

“இல்லை.”

“அப்படியென்றால் நீ பழுதா?”

“அப்படித்தான் போல.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சுற்றிவந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாணில் பாதியைப் பிய்த்து என் கையில் தந்தார். மற்றப் பாதியைத் தான் தின்றார். தின்றதும், “வா, உன் வைத்தியரிடம் போவோம்,” என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ படித்தவர்கள் என்னைப் பரிசோதித்தார்கள். அவ்வளவு துல்லியமாக ஒருவரும் நோயைக் கண்டுபிடிக்கவில்லை.

வைத்தியர் தந்த கடிதத்தை மனைவி சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஜெர்மன் மொழியில் உள்ள வருத்தப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாசித்து முடித்துவிட்டு எழுந்துபோய் யன்னல் சீலையை இழுத்து மூடினாள்.

“இஞ்சருங்கோ, ஆரிட்டையும் சொல்லக்கூடாது, கண்டியளோ. ரண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு.”

“பிள்ளையளுக்குச் சொல்லலாம்தானே?”

“அவளவைக்குத் தெரியும். அவளவைதான் உங்களுக்கு ஆசுபத்திரியில டெர்மின் எடுத்து நாள் குறிச்சுத் தந்தது.”

மனைவியில் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் ஒருவனை ஏச வேண்டுமென்றால் விசர் ஆசுபத்திரி இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னாலே போதும். வேறு கெட்ட வார்த்தை தேவையில்லை. நானே பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேரை அங்கே அனுப்பிவைத்திருக்கிறேன். இப்போது என் முறை.

ஆசுபத்திரி நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. பெரிய மதில், இரும்புக் கதவு, துவக்கோடு காவல்காரன், இப்படி எதையெல்லாமோ எதிர்பார்த்துப் போனேன். அங்கே இருந்தது ஒரு பெயார்ஸ் பழத் தோட்டமும் ஒரு பேருந்துத் தரிப்பும். வாசலில் கல்லில் செதுக்கிய ஒரு மனிதத் தலை. நெஞ்சுவரை தாடி. அந்தத் தாடிக்குள் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சங்கிலி, தோல்வார் பூட்டிய மரக்கதிரை ஒன்று.

அனுமதிக்கான படிவங்களை நிரப்பிக்கொண்டு மகள் உள்ளே இருந்த நேரத்தில் நான் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்ததை வாசித்தேன். தாடிக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆசுபத்திரியை நடத்திய வைத்தியர். அவர் வரும்போது இங்கே நோயாளிகளைச் சுவரோடு சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச்சனம் குடும்பமாக வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகுமாம். அவர் சங்கிலிகளைக் கழற்றினார். கதவுகளைத் திறந்தார். இது பேயும் இல்லை, பாவமும் இல்லை, ஈரலைப் போல, சிறுநீரகத்தைப் போல மூளையும் ஒரு உறுப்பு, அதற்கும் நோய் வருத்தம் வரும் என்று சொல்லித் திரிந்தார். அதற்காக அன்றைய பெரிய மனிதர்கள் அவரைத்தான் விசரன் என்றார்கள்.

வாசித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உடம்பில் ஓர் உறுப்புத்தான் பழுது என்றால் நாங்கள் சொன்ன பொய் அவ்வளவு பெரியதல்ல. நாரிக்கும் மண்டைக்கும் இடையில் இரண்டு முழம்தானே.

கடைசி வரியைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். சங்கிலியைக் கழற்றிய பிறகு, அடங்காத நோயாளிகளை அவர் மணிக்கணக்காகக் குளிர்தண்ணீர்த் தொட்டிக்குள் இருத்திவைத்தாராம். சீர்திருத்தத்துக்கும் ஓர் அளவு வேண்டுமே.

முதல் நாள் நான் எங்கள் பிரிவின் கதவைத் திறந்து வெளியே போய், திரும்பி உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போய் வந்தேன். ஏழாவது முறை தாதி கேட்டாள், “உங்களுக்கு எங்கேயாவது போக வேண்டுமா?”

“இல்லை. கதவு வேலை செய்கிறதா என்று பார்த்தேன்.”

“வேலை செய்கிறதா?”

“செய்கிறது.”

அதுதான் சிக்கல். பூட்டியிருந்தால் தப்பி ஓட வேண்டும் என்று ஓர் இலட்சியமாவது இருந்திருக்கும். திறந்து கிடந்த கதவுக்கு முன்னால் நான் ஏன் நிற்கிறேன் என்று என்னையே கேட்க வேண்டியிருந்தது.

காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு மனம் எப்படி இருக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கம் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் ஐந்து என்றேன். “பரவாயில்லை” என்ற சொல்லை இலக்கமாக்கினால் ஐந்துதான் வரும். என் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை இருப்பார். அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு என்பார். பிறகு மற்றவர்கள் பேசும்போது விடுகிற இலக்கணப் பிழைகளைத் திருத்துவார். மிகவும் மோசமான நாட்களில்கூடத் திருத்துவார். அழுதுகொண்டே திருத்துவார்.

எனக்குக் கிடைத்த வைத்தியர் என் மூத்த மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடியவர். எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று கேட்டார். என்னிடம் காரணம் இருக்கவில்லை. எனக்கு அது பெரிய வெட்கம். வீட்டில் சண்டை இல்லை, பிள்ளைகள் படித்துவிட்டார்கள், வேலை இருக்கிறது. நான் இலங்கையிலிருந்து வந்தவன் என்றதும் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“போர்?” என்றார் மெதுவாக.

அவர் அவ்வளவு ஆசையாகக் கேட்டபோது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பொய்க்கும் ஓர் எல்லை உண்டு. பத்தொன்பது வயதில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு விமானம் ஏறிவந்தவன் நான். பயந்திருக்கிறேன், ஓடியிருக்கிறேன். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல, அதுவும் இதற்குக் காரணம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. நான் முப்பது வருடம் வாழ்ந்த இந்த நாட்டில் முன்கூட்டியே நாள் குறிக்காமல் தலைமயிர்கூட வெட்ட ஏலாது. இது மட்டும் டெர்மின் இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. வைத்தியர் கடைசியில், “காரணம் இல்லாமலும் வரும், அப்போதும் அது வருத்தம்தான்,” என்றார். அன்றைக்குப் பின்னேரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற முதுகு எனக்குத் தெரிந்த முதுகாக இருந்தது. அது திரும்பியது.

எங்கள் பகுதியில் சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் என்று எது நடந்தாலும் மைக்கோடு மேடையில் நிற்கிற அறிவிப்பாளர். வயது அறுபதுக்குக் கிட்ட. எல்லோருக்கும் அண்ணை. “இதோ, இளவரசி அன்ன நடை நடந்து வருகிறாள்” என்று அவர் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையும் பெரியபிள்ளையானதில்லை. கையில் மைக் போனால் திரும்பி வாங்க இரண்டு பேர் வேண்டும். அந்த மனிதர் இப்போது உருளைக்கிழங்கு சலாட் தட்டோடு என்னைப் பார்த்து நின்றார்.

நான்தான் முதலில் வாய் திறந்தேன். “அண்ணை… நாரியோ?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கழுத்தைத் தொட்டுக் காட்டினார். காற்றுப் போன குரலில், “தொண்டை. ஒப்பரேசன் எண்டு சொல்லியிருக்கு,” என்றார். பிறகு, “உமக்கு நாரியோ ஐசே?”

“ஓம் அண்ணை. நாரி.”

ஒரே மேசையில் இருந்து, நாரிக்காரனும் தொண்டைக்காரனும் சாப்பிட்டோம். சலாட்டில் உப்புக் காணாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பெயார்ஸ் தோட்டத்தைச் சுற்றி நடந்தோம். அந்த மரங்களின் மூத்த தலைமுறையைத் தாடிக்காரர் காலத்து நோயாளிகள்தான் நட்டார்களாம். அண்ணை பேசுவது குறைவு. ஒரு கிழமை கழித்து, தோட்டத்தின் கடைசி வரிசையில் நின்று, மரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“ஐசே, ஒரு சனிக்கிழமை காலமை ஊரிலையிருந்து ரெலிபோன் வந்தது. அம்மா செத்துப்போனா எண்டு. பத்து மணிக்கு எனக்கு ஒரு சாமத்தியவீடு. நான் போனன்.”

“போனியளோ?”

“வேறை என்ன செய்யிறது? மண்டபம் நிறைஞ்ச சனம். செத்தவீட்டுத் துடக்கு எண்டு சொன்னால் உள்ளுக்கே விடமாட்டினம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எட்டு மணித்தியாலம் பகிடி விட்டன். எல்லாரும் சொல்லிச்சினம், அண்ணை இண்டைக்குத்தான் வலு திறமெண்டு.” மரப்பட்டையை நகத்தால் சுரண்டினார். “பிறகு பத்து மாசம் எல்லாம் சரியாத்தான் இருந்தது. ஒருநாள் மேடையில மைக்கைப் பிடிச்சன். சத்தம் வரேல்லை. மைக் பழுதெண்டு மாத்தித் தந்தாங்கள். அதிலையும் வரேல்லை.”

அவருடைய தோளில் கை வைத்தேன். எங்கள் ஆண்களுக்குத் தோளில் கை வைத்த பிறகு அதை எப்போது எடுப்பது என்று தெரியாது. நான் நெடுநேரம் வைத்திருந்துவிட்டேன் போல. “போதும் ஐசே,” என்றார்.

மே மாதத்தில் தாடிக்காரரின் பிறந்தநாள். ஆசுபத்திரி வருடாவருடம் அதைக் கொண்டாடுகிறது. அன்றைக்கு ஊர்ச்சனம் எல்லாம் வரலாம். தோட்டத்தைப் பார்க்கலாம், கேக் சாப்பிடலாம். முன்னொரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வந்த அதே சனத்தின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள். இப்போது கேக்கைப் பார்க்க வருகிறார்கள். முன்னேற்றம்தான்.

நோயாளிகளும் பங்களிக்க வேண்டும். ஆசிரியை தாடிக்காரரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வாசிப்பதாகச் சொன்னார். அண்ணையிடம் தாதி, நீங்கள் நிகழ்ச்சி நடத்துகிறவராமே, அன்றைக்கு அறிவிப்புச் செய்கிறீர்களா என்று கேட்டாள். அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தாதி பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுடைய தொண்டையில் ஒன்றும் இல்லையே,” என்றாள். பொய் ஜெர்மன் மொழியில் எடுபடவில்லை.

நான், உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த இருநூறு றோல்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்தேன். அதாவது என் மனைவி தருவாள் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் தனியாக எப்படிச் செய்வாள்? தன் தமக்கையைக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் அவவைப் பெரியக்கா என்போம். ஸ்டுட்கார்ட்டில் பெரியக்காவின் காதில் காலையில் விழுந்தது பின்னேரத்துக்குள் நாடு முழுக்கப் போய்விடும். அப்படிப்பட்டவவை மனைவி ஏன் கூப்பிட்டாள் என்றால், றோல்ஸைப் பெரியக்காவைப் போலச் சுற்ற வேறு ஆள் இல்லை. “நாரி ஆசுபத்திரியில ஒரு விழாவாம் அக்கா,” என்று மட்டும் சொல்லியிருந்தாள். சுற்றித் தந்துவிட்டு வீட்டில் நிற்பா என்று நம்பியிருந்தோம். விழாவன்று காரின் முன்சீற்றில் தட்டை மடியில் வைத்தபடி வந்து இறங்கினா.

வாசலில் தாடிக்காரரின் தலையைக் கும்பிடுவதா விடுவதா என்று ஒரு கணம் தயங்கினா. பிறகு தோட்டத்தில் நடமாடுகிற நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்தா.

“தங்கச்சி, இது நாரி ஆசுபத்திரி எண்டனி. இஞ்சை ஒருத்தரும் பொல்லு ஊண்டி நடக்கேல்லையே?”

“எல்லாருக்கும் சுகமாகிட்டுது அக்கா,” என்றாள் மனைவி. “அவ்வளவு நல்ல டொக்டர்மார்.”

விழா தொடங்கியது. இயக்குநர் அரை மணித்தியாலம் பேசினார். குளிர்தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு ஆசிரியையின் முறை. எழுந்து, மைக்குக்கு முன்னால் போய் நின்றார். தாளை விரித்தார். முதல் வரி வரவில்லை. திரும்பவும் வாயைத் திறந்தார், வரவில்லை. மூன்றாம் முறை. இயக்குநர் எழும்பப் பார்த்தார். அதற்குள் என் பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது.

அண்ணை நடந்து போனார். ஆசிரியைக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவரை மைக்குக்குப் பக்கத்திலேயே இருத்தினார். தாளை வாங்கினார். மைக்கைத் தாங்கியிலிருந்து உருவினார். அந்தக் கையசைவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இனி இரண்டு பேர் வேண்டும்.

முதலில் கரகரத்தது. பிறகு வந்தது. முப்பது வருடம் உணவகச் சமையலறையில் வேலை செய்து கற்ற ஜெர்மன். ஆண்பால், பெண்பால் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் ஒவ்வொரு பிழையாக விட, ஆசிரியை கதிரையில் இருந்தபடியே திருத்தினார். அண்ணை அந்தத் திருத்தத்தைத் திரும்பச் சொல்லி முன்னேறினார். அது ஒரு பாட்டுக் கச்சேரி போல இருந்தது. சனம் சிரித்தது, ஆசிரியையும் சிரித்தார்.

ஒரு பக்கம் முடிந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இந்த ஐயா சங்கிலியைக் கழற்றினார். மிக நல்லது,” என்றார். “பிறகு ஆட்களைக் குளிர்தண்ணீருக்குள் இருத்தினார். அது அவ்வளவு நல்லதில்லை.” சபை சிரித்தது. இயக்குநர் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். “ஆனால் கதவைத் திறந்துவிட்டார். நான் இங்கே வந்த முதல் நாளே ஓடியிருப்பேன். கதவு திறந்திருந்தபடியால் நாளைக்கு ஓடலாம் என்று நின்றுவிட்டேன். ஒவ்வொரு நாளும் அப்படியே நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு கிழமை.”

கைதட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய கண் றோல்ஸ் மேசையில் போய் நின்றது.

“தமிழ்ச் சனமும் ரண்டு மூண்டு பேர் நிக்கிறியள்,” என்று தமிழுக்கு மாறினார். “அதால தமிழிலையும் ஒரு அறிவித்தல். என்ரை தொண்டையில ஒரு ஒப்பரேசனும் நடக்கேல்லை. என்ரை அம்மா செத்தவ. நான் அழேல்லை. அதுதான் என்ரை வருத்தம். இது விசர் ஆசுபத்திரி. நல்ல ஆசுபத்திரி. அங்கை றோல்ஸ் தட்டோட நிக்கிற அக்கான்ரை தங்கச்சி புருசனுக்கும் நாரி நல்லாத்தான் இருக்கு. நன்றி, வணக்கம்.”

ஒரு சொல்லும் விளங்காத ஜெர்மன்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எனக்குக் காது சுட்டது. தன் இரகசியத்தை உடைப்பது அவருடைய உரிமை. என்னுடையதை உடைக்க யார் அதிகாரம் கொடுத்தது? எழுந்துபோய் மைக்கைப் பறிக்க வேண்டும் போல இருந்தது. ஆசுபத்திரிக்கு வந்த பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது. வைத்தியர் பிறகு அதை நல்ல அறிகுறி என்று குறித்துக்கொண்டார்.

பெரியக்கா தட்டை மேசையில் வைத்தா. என்னைப் பார்த்தா, மனைவியைப் பார்த்தா. பூகம்பம் வரப்போகிறது என்று நின்றோம்.

“அப்ப நான் ஊன்ட்றொப் கோயில் அம்மாளுக்கு வைச்ச நேர்த்திக்கடன்?” என்றா. “நான் நாரிக்கெண்டெல்லோ நேர்ந்தனான்! இப்ப என்னெண்டு மாத்துறது?”

“அம்மாளுக்குத் தெரியும் அக்கா, எது எங்கை நோகுதெண்டு,” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். இரண்டு மாதமாக யன்னல் சீலையை மூடி வைத்திருந்தவள், அத்தனை சனத்துக்கு முன்னால், றோல்ஸுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். பெரியக்கா அவளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வரிசையில் நின்றவர்களுக்கு றோல்ஸ் பரிமாறினா. ஒருவருக்கு இரண்டுக்கு மேலே கொடுக்கவில்லை.

அண்ணையோடு நான் ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் என் அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கல். கைவேலை வகுப்பில் மென்மையான கல்லை அராவி உருவங்கள் செய்ய விடுவார்கள்.

“ஐசே, மன்னிப்பு எண்டு செய்தனான். ஆனை.”

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “தும்பிக்கை எங்கை அண்ணை?”

“உடைஞ்சு போச்சு.”

நான் சிரித்துவிட்டேன். பிறகு கோபமாக இருக்க ஏலாமல் போய்விட்டது.

விசயம் பரவியது. பெரியக்கா தன் கடமையைக் குறையில்லாமல் செய்தா. ஊன்ட்றொப் தேருக்கு நாங்கள் போனபோது நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. சிலர் என்னைக் கண்டதும் செவிடனோடு பேசுவதைப் போல மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்கள். ஒருவர் கேட்காமலே என் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசி ஊதினார். கண்ணுக்குள் போனதுதான் மிச்சம். மூத்தவளுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம் சத்தமில்லாமல் நின்றுபோனது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இரண்டு நாள் தவித்தோம். சொன்னபோது அவள், “நல்லது. அவனுக்கு என்னோட கதைக்க ஒண்டும் இருக்கேல்லை. காரைப் பற்றித்தான் கதைச்சவன்,” என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். என் மனைவிக்கு அது இன்னும் ஆறவில்லை. எனக்கும் முழுதாக ஆறவில்லை.

வேறு விதமான தொலைபேசி அழைப்புகளும் வந்தன. முதலில் காலநிலை, பிறகு பிள்ளைகளின் படிப்பு, அதற்குப் பிறகுதான் விசயம். “எனக்கில்லை, எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு” என்று தொடங்கும். அப்படித் தெரிந்த ஆட்கள் எங்கள் சனத்துக்குள் இவ்வளவு பேர் இருப்பது எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் வைத்தியரின் விலாசத்தைக் கொடுத்தேன். காத்திருக்கும் வரிசை நீளம் என்பதையும் சொன்னேன். பொய் சொல்லப் பழகிய சனத்துக்கு உண்மையைச் சொல்ல ஐந்து மாதம் கழித்துத்தான் நாள் கிடைக்கிறது.

நான் வேலைக்குத் திரும்பினேன். முதல் மாதம் நாளொன்றுக்கு நாலு மணித்தியாலம், பிறகு ஆறு, பிறகு எட்டு. மாத்திரை இன்னும் எடுக்கிறேன். மைஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தரிப்பிடத்தில் என் காருக்குப் பக்கத்தில் தன் காரை நிறுத்தப் பழகியிருக்கிறார். கெட்ட நாட்கள் வருகின்றன. மகள்கள் இலக்கம் கேட்பார்கள். ஐந்து என்றால் நம்புவதில்லை.

அண்ணை வீட்டுக்குப் போய் இரண்டு மாதத்தில் திரும்பவும் மேடை ஏறினார். ஒரு சாமத்தியவீடு. பிள்ளை மணவறையில் இருக்க, ஆரத்தி தொடங்கும் நேரத்தில், “இப்பிடி ஒரு விழா நாளிலதான் என்ரை அம்மா செத்தவ, அவவை நினைச்சு ஒரு நிமிசம் எழும்பி நிற்பம்,” என்றார். பாதிச் சனம் எழும்பியது, பாதிச் சனம் விழித்தது. பிள்ளையின் தகப்பன் மேடைக்கு ஓடிவந்தார்.

“என்ன அண்ணை, சாமத்தியவீட்டில செத்தவீட்டுக் கதை?”

“ஒரு நிமிசம்தானே தம்பி. நான் ஒரு வருசத்துக்கு மேலை பிந்திப் போனன்.”

அதோடு மண்டபங்களில் அவரைக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றே போனது. அதற்காக அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது எங்கள் விளையாட்டுக் கழகத்தின் கோடைகால உதைபந்தாட்டப் போட்டிக்கு வர்ணனை செய்கிறார். சம்பளம் கிடையாது, மத்தியானம் ஒரு கொத்துரொட்டிப் பொதி.

போன கோடையில் நானும் மனைவியும் பார்க்கப் போனோம். எங்கள் கழகத்துப் பின்வரிசைக்காரன் தடுமாறி, தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டான். எங்கள் கோல் காப்பாளன் தலையில் கை வைத்தான். “இதோ, அற்புதமான கோல்!” என்று ஒலிபெருக்கியில் அண்ணை முழங்கினார். “எந்தப் பக்கம் எண்டு பிறகு பாப்பம். முதல்ல எல்லாரும் கையைத் தட்டுங்கோ!” நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே அவரை நோக்கி ஓடினார். மனைவி எழுந்து நின்று கைதட்டினாள். நானும் எழும்பினேன்.